இழுக்குமா? – குட்டி எஞ்சின்களின் கதை

தமிழில் 'பிக்கப்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, முன்னால் கேபினும் பின்னால் திறந்த தட்டும் உள்ள சரக்கு வண்டி. இன்னொன்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி காட்டுகிற வேகம். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா பிக்கப் இல்ல" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வண்டியின் வடிவத்தில் குறை இல்லை, இழுவையில்தான் குறை. இந்தக் கட்டுரையை ஒரு வரியில் சுருக்கினால், பிக்கப்புக்குப் பிக்கப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் நீட்டினால், 3 லிட்டர் எஞ்சின் செய்துகொண்டிருந்த வேலையை டர்போ வைத்த 1.5 லிட்டர் எஞ்சின் செய்யுமா, செய்தால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை யோசிக்கக் குன்றத்தூரைவிடத் தோதான ஊர் கிடையாது. சேக்கிழார் பிறந்த ஊர், குன்றின் மேல் முருகன் கோயில், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி என்பதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டை, மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், தெற்கே படப்பை தாண்டினால் ஒரகடம். சின்னப் பட்டறைகளில் கடைந்த, வார்த்த, முலாம் பூசிய பாகங்கள் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போவது இந்த வழியாகத்தான். எடுத்துப் போவது யார்? பெரும்பாலும் 10 சக்கர லாரிகள் அல்ல. குட்டி யானையும் தோஸ்தும் பொலேரோ பிக்கப்பும்தான். கார் செய்கிற ஊருக்குக் காரின் உதிரிகளைத் துண்டு துண்டாகச் சுமந்து போகிற வண்டிகள் இவை. இவற்றின் எஞ்சின் வரலாற்றை எழுதினால், அது இந்தப் பகுதியின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

பெருங்களத்தூரில் ஒரு முன்கதை

எஞ்சின் சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான பாடம், டர்போவுக்கு முன்பே பக்கத்து ஊரில் இருக்கிறது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்தது. ஹெரால்டு, கெஸல் கார்களை நம் அப்பாக்கள் நினைவு வைத்திருப்பார்கள். அதே தொழிற்சாலையில் சரக்கு வேன்களும் பிக்கப்களும் வந்தன. 'ஸ்டாண்டர்டு 20' என்று பெயர்.

அதன் மூதாதை இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு அட்லஸ். 1958இல் அந்த வேனை அறிமுகப்படுத்தியபோது உள்ளே வைத்தது ஸ்டாண்டர்டு 10 காரின் 948 சிசி பெட்ரோல் எஞ்சின். காருக்குப் போதுமான எஞ்சினை எடுத்துச் சரக்கு வேனில் வைத்தார்கள். இழுவையைச் சரிக்கட்டக் கியர் விகிதத்தை மாற்றினார்கள். மாற்றினால் ஏற்றத்தில் கொஞ்சம் ஏறும், சமதளத்தில் எஞ்சின் கத்திக்கொண்டு மெதுவாகப் போகும். வாங்கியவர்கள் திட்டினார்கள். மூன்றே வருடத்தில், 1961இல், 1,670 சிசி எஞ்சினோடு 'அட்லஸ் மேஜர்' வந்தது. பிறகு 2 லிட்டருக்கும் மேலே போனார்கள். அந்த வேன் வம்சம்தான் அங்கே ஓய்வு பெற்றபின் இங்கே வந்து சேர்ந்தது.

அன்று நிறுவனத்தின் கையில் இருந்த தீர்வு ஒன்றே ஒன்று. எஞ்சின் போதவில்லையா, பெரிய எஞ்சினாகப் போடு. 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது ஐடி பூங்காவும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. என் வயதுக்காரர்கள் பலருக்கு அங்கே வேலை, ஆனால் அங்கே ஒரு காலத்தில் வேன் செய்தார்கள் என்பது தெரியாது.

வீணாகும் புகையும் ஒரு சுவிஸ்காரரும்

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்று பம்பு. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அதற்கேற்ற அளவு எரிபொருளைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். அதிகச் சக்தி வேண்டுமென்றால் அதிகக் காற்று வேண்டும். அதற்கு மூன்று வழி. எஞ்சினைப் பெரிதாக்கலாம். அதே எஞ்சினை வேகமாகச் சுற்றவிடலாம். அல்லது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கலாம்.

மூன்றாவது வழிக்குக் காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரெட் பியூஷி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். வருடம் 1905. புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சின்னக் காற்றாடி மேல் மோதவிடு, அந்தக் காற்றாடியின் அச்சில் இன்னொரு காற்றாடியைப் பொருத்து, அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளட்டும். இவ்வளவுதான் யோசனை. சரியாக வேலை செய்ய இருபது வருடம் ஆனது. 1920களின் நடுவில் ஜெர்மன் கப்பல்களின் 10 சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. எஞ்சின் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

நடுவில், 1918இல், அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினையும் டர்போவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போனார். உயரம் சுமார் 14,000 அடி. அங்கே காற்று மெலிந்திருக்கும், சாதாரண எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ வைத்தால் மூச்சு வாங்காது என்று நிரூபிப்பதுதான் பயணத்தின் நோக்கம். நிரூபித்தார். இந்த மலைக்கதையை நினைவில் வையுங்கள், ஊட்டிக்குப் போகும்போது தேவைப்படும்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் வந்த டர்போ நம்முடைய சின்னச் சரக்கு வண்டிக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆனது? சின்ன எஞ்சினுக்குச் சின்ன டர்போ வேண்டும். சின்ன டர்போ பயங்கர வேகத்தில் சுற்ற வேண்டும், நிமிடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டி 2 லட்சம் சுற்று வரை. ஒரு பக்கம் 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் அச்சைத் தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம். இதை மலிவாக, லட்சக்கணக்கில் செய்வதுதான் சவால். சென்னைக்கு அந்தக் கலையும் சீக்கிரமே வந்துவிட்டது. பிரேக்ஸ் இந்தியா போன்ற டிவிஎஸ் வழி நிறுவனங்கள் ஜெர்மனியின் கேகேகே நிறுவனத்தோடு சேர்ந்து 1980களில் ஆரம்பித்த டர்போ எனர்ஜி நிறுவனம், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பையனூரில் டர்போ செய்துகொண்டிருக்கிறது. எரிபொருளைப் பீய்ச்சும் டீசல் அமைப்புகளை டெல்ஃபி டிவிஎஸ் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் செய்தது. ஆக, டர்போ டீசலின் இரண்டு முக்கிய உறுப்புகளும் நம் சுற்றுவட்டாரத்துச் சரக்குதான்.

பெரிய எஞ்சின் காலம்

1980களின் நடுவில் இந்தியச் சின்ன லாரிச் சந்தையில் ஒரு பந்தயம் நடந்தது. ஜப்பான் கூட்டோடு நான்கு நிறுவனங்கள் வந்தன: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. எதிர்த்து நின்றது 1986இல் வந்த டாடா 407. அதன் எஞ்சின் சுமார் 3 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ கிடையாது. ஜெயித்தது 407தான். மெக்கானிக்குகளுக்குப் பழகிய டாடா வீட்டு எஞ்சின். எந்த ஊர் ஓரத்திலும் பிரிக்கலாம், கோர்க்கலாம். அளவுக்கு மீறி ஏற்றினாலும் முனகிக்கொண்டே இழுக்கும்.

'இழுக்கும்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற இலக்கணத்தை அந்தத் தலைமுறை வண்டிகள்தான் எழுதின. பெரிய சிலிண்டர், தாழ்ந்த சுழற்சி, சத்தம், கருப்புப் புகை. இதெல்லாம் இருந்தால் வலு இருக்கிறது என்று நம்பினோம். கருப்புப் புகை என்பது எரியாமல் வெளியேறிய டீசல், அதாவது காற்று போதாமல் வீணான காசு என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990களிலிருந்து மாசு விதிகள் இறுக இறுகத்தான் லாரிகளுக்கு டர்போ வழக்கமானது. சக்திக்காக மட்டும் அல்ல. தாராளமாகக் காற்று கொடுத்தால் புகை குறையும் என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

16 குதிரைகள்

அடுத்த திருப்பம் எதிர்த்திசையில் வந்தது. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, 2 சிலிண்டர் டீசல், டர்போ இல்லை. இண்டிகா காரின் 1,405 சிசி எஞ்சினைச் சரிபாதியாக வெட்டியதுபோல ஒரு எஞ்சின். 16 குதிரைத்திறன். 38 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. காகிதத்தில் முக்கால் டன் பாரம். இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் பைக்கில்கூட இதைவிட அதிகக் குதிரைத்திறன் இருக்கிறது.

வடக்கே அதைச் 'சோட்டா ஹாத்தி' என்றார்கள், நாம் 'குட்டி யானை' என்றோம். கிரிஷ் வாக் தலைமையிலான குழு வண்டியை வடிவமைக்கும் முன் ஊர் ஊராகப் போய் மூன்று சக்கர லோடு ஆட்டோக்காரர்களிடம் பேசியது. நான்கு சக்கர வண்டி இருந்தால் பெண் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னதாக ஒரு கதை, மேலாண்மைப் பாடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படியோ, வண்டி வந்த நேரம் சரியான நேரம். அதே 2005 நவம்பரில், அபராதம் கட்டிவிட்டு அதிகப் பாரத்தோடு போய்விடும் வழக்கத்தை அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய லாரிகள் நெடுஞ்சாலையில், சின்ன வண்டிகள் ஊருக்குள் என்ற பிரிவினை வலுவானது.

16 குதிரைத்திறன் போதுமா? கல்லூரியில் படித்த கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். வண்டியும் பாரமும் சேர்ந்து சுமார் 1.5 டன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலை. புவியீர்ப்பையும் டயர் உராய்வையும் சேர்த்தால் சுமார் 1,100 நியூட்டன் எதிர்விசை. 16 குதிரைத்திறனில் கியர்பாக்ஸ் தின்பது போக மிச்சத்தை வைத்துப் பார்த்தால் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். மோசமில்லை. இப்போது முக்கால் டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் ஏற்றுங்கள். அதாவது நிஜத்தில் நடப்பதைச் செய்யுங்கள். வேகம் 23 ஆகிவிடும். ஆனாலும் ஏறும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் தெளிவாகிறது. குறைந்த சக்தி வண்டியை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. கியரைக் குறைத்துக்கொண்டே போனால் எந்த எஞ்சினும் எதையும் இழுக்கும். ஆகவே 'இழுக்குமா' என்ற கேள்விக்கு எப்போதும் ஆமாம்தான் பதில். எந்த வேகத்தில், எத்தனை வருடம் என்பதுதான் மிச்சக் கேள்வி.

தோஸ்து

2011இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து கொண்டுவந்த தோஸ்து ஓசூரில் உருவானது. 1948இல் தொடங்கி, எண்ணூரில் லாரி செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு இது புதிய உலகம். 1.5 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். 55 குதிரைத்திறன், 157.5 நியூட்டன் மீட்டர். பாரம் 1.25 டன்.

குட்டி யானையோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் அளவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். முறுக்குவிசையோ நான்கு மடங்கு. கூடுதல் இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? டர்போ திணித்த காற்றிலிருந்தும், அந்தக் காற்றுக்கேற்ப டீசலை மிகத் துல்லியமாகப் பீய்ச்சும் காமன் ரெயிலிலிருந்தும். காமன் ரெயில் என்றால், ஒரு பொதுக் குழாயில் டீசலை ஆயிரக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தேக்கி வைத்து, எப்போது, எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணினி தீர்மானிப்பது. 1995இல் ஜப்பானில் ஹினோ லாரியில் வந்த தொழில்நுட்பம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இதன் அறிமுகம் தோஸ்துக்கும் முன்பே நடந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் 2002இல் ஆக்சென்ட் சிஆர்டிஐ விற்க ஆரம்பித்தது. அதுவும் 1.5 லிட்டர், அதுவும் 3 சிலிண்டர், டர்போ, 82 குதிரைத்திறன். '3 சிலிண்டரா, அது ஆட்டோ எஞ்சின்ல' என்று சிரித்தவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

முன்பு போட்ட கணக்கைத் தோஸ்துக்குப் போட்டால், எல்லாம் சேர்ந்து 2.5 டன், அதே ஏற்றம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் தேவை சுமார் 32 குதிரைத்திறன். கையில் இருப்பது 55. சக்தியைப் பொறுத்தவரை விவாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

மலைக்குப் போனால் இன்னும் சுவாரஸ்யம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியைக் கீழே விட்டுவிட்டுத்தான் மலையேறுகிறது. 16 குதிரைகளில் மூன்று மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். டர்போ வைத்த எஞ்சின் காற்றாடியை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். மாஸ் பைக்ஸ் பீக்கில் காட்டியதைத்தான் கேரட் மூட்டையோடு இறங்கி ஏறும் வண்டிகள் தினமும் குன்னூர் மலைப்பாதையில் காட்டுகின்றன.

டர்போவுக்கு ஒரு பலவீனம் உண்டு. புகை வந்தால்தான் காற்றாடி சுற்றும், காற்றாடி சுற்றினால்தான் கூடுதல் காற்று வரும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஓரிரு விநாடியில் 1.5 லிட்டர் எஞ்சின் வெறும் 1.5 லிட்டர்தான். பாரத்தோடு ஏற்றத்தில் நின்று கிளம்புகிற ஓட்டுநருக்கு இது தெரியும். அதனால் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவார். தேய்வது கிளட்ச் பிளேட். சக்திக் கணக்கில் வராத செலவு, மெக்கானிக் பில்லில் வரும்.

ஒரகடத்தில் ஒரு எஞ்சின், நாலு எண்கள்

2010இல் திறந்த ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சாலையின் வண்டிகளில் வந்த கே9கே என்ற 1.5 லிட்டர் டர்போ டீசல், மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். நிசான் மைக்ராவில் அது 64 குதிரைத்திறன். 2012இல் வந்த டஸ்டரில் 85. அதே டஸ்டரின் விலை உயர்ந்த வகையில் 110. இவாலியா வேனில் 85, அதே வேனை அசோக் லேலண்ட் 2013இல் 'ஸ்டைல்' என்ற பெயரில் விற்றபோது 75. ஒரே தொழிற்சாலை, ஒரே அடிப்படை எஞ்சின், கிட்டத்தட்ட ஒரே வேன், ஆனால் எண் மட்டும் வேறு.

டர்போ, இன்டர்கூலர் என்று சில பாகங்கள் வகைக்கு வகை மாறும்தான். ஆனாலும், எஞ்சினின் சக்தி இனி இரும்பில் வார்க்கப்படுவதில்லை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு டீசல் என்ற அட்டவணை ஈசியுவுக்குள் ஒரு கோப்பாக இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்த வண்டி எவ்வளவு பாரம் சுமக்கும், வாங்குகிறவர் எப்படி ஓட்டுவார் என்று கணித்து அந்த எண்களை நிரப்புகிறார். தோஸ்துக்கு 55 என்று தொடங்கிய அதே 1.5 லிட்டர், 3 சிலிண்டர் அமைப்பில் 2020இல் வந்த படா தோஸ்து 80 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டரும் தருகிறது. மேல் வகை 1.86 டன் சுமக்கிறது.

சட்டமும் இந்தத் திசையில் தள்ளியது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களின் பதிவுக்குத் தடை போட்டது. ஒரே மாதத்தில் மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. எக்ஸ்யூவி 500இல் முன்பிருந்த 2.2 லிட்டர் கொடுத்த அதே 140 குதிரைத்திறனை இதுவும் கொடுத்தது. எஞ்சினின் அளவுக்கும் அதன் சக்திக்கும் இருந்த பழைய உறவு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லிட்டருக்கு எவ்வளவு?

அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கறக்கலாமா? ஒரு லிட்டர் எஞ்சின் அளவுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் தொழிற்சாலைகளின் மனசு தெரியும்.

மறைமலைநகரில் ஃபோர்டு செய்த ஈக்கோஸ்போர்ட் காரில் 2013இல் வந்த 1 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல்: 125. டஸ்டரின் மேல் வகை டீசல்: சுமார் 75. படா தோஸ்து: சுமார் 53. ஒரகடத்தில் 2012இல் திறந்த பாரத்பென்ஸ் தொழிற்சாலையின் நடுத்தர லாரிகளில் வரும் 3.9 லிட்டர், 170 குதிரைத்திறன் எஞ்சின்: சுமார் 44. முதல் தோஸ்து: 37. 2.5 லிட்டரில் 75 குதிரைத்திறன் தரும் மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்: 30.

எல்லாவற்றையும்விடப் பாடம் சொல்வது இசுஸூ. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016இலிருந்து அவர்கள் தொழிற்சாலை ஓடுகிறது. அவர்களுடைய டி-மேக்ஸ் வண்டியில் இரண்டு முகம் உண்டு. வார இறுதியில் ஏலகிரி போகிறவர்கள் வாங்கும் வி-கிராஸ். இதில் 2021இலிருந்து 2.5 லிட்டரை எடுத்துவிட்டு 1.9 லிட்டர் வைத்தார்கள். சக்தி 134இலிருந்து 163 ஆக உயர்ந்தது, முறுக்குவிசை 320இலிருந்து 360 ஆனது. சின்ன டர்போ எஞ்சின் பிக்கப்புக்குப் போதுமா என்று கேட்பவருக்கு இதுவே நேரடியான பதில்: போதும், பழசைவிட அதிகம். ஆனால் அதே நிறுவனம் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு விற்கும் டி-மேக்ஸில் 2.5 லிட்டரையே வைத்திருந்தது. அதன் சக்தி வெறும் 78. இரண்டிலும் டர்போ உண்டு. ஒன்றில் லிட்டருக்கு 86 கறக்கிறார்கள், இன்னொன்றில் 31.

வேலைக்குப் போகும் வண்டியில் பெரிய எஞ்சினை நிதானமாக ஓடவிடுகிறார்கள். ஏன்? பொழுதுபோக்குக்காக வாங்கியவர் 163 குதிரைகளையும் மொத்தமாக அவிழ்த்துவிடுவது எப்போதாவதுதான். சரக்குக்காரரோ இருப்பதை முழுதாக, தினமும், நாள் முழுக்கப் பயன்படுத்துவார். சின்ன எஞ்சினில் அதிக அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் அதிகச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். தாங்கும்படி செய்யலாம். செலவு ஆகும். சரக்கு வண்டியின் விலையில் அந்தச் செலவுக்கு இடம் குறைவு.

அமெரிக்காவிலும் இதே வாதம்தான் வேறு அளவில் நடந்தது. 2011 மாடல் எஃப்-150இல் ஃபோர்டு 3.5 லிட்டர் வி6 டர்போவை வைத்தபோது, வி8 இல்லாத டிரக்கா என்று கேட்டார்கள். வாங்கி ஓட்டியபின் வி6 பக்கமே கூட்டம் சேர்ந்தது. 2019 மாடலில் செவர்லே சில்வராடோ 2.7 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ வரை இறங்கிவிட்டது. அங்கே ஒன்று கவனித்தார்கள். காலியாகப் போகும்போது சின்ன எஞ்சின் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. கனமான டிரெய்லரை இழுக்கும்போது மிச்சம் மறைந்துவிடுகிறது. சக்தி வேண்டுமென்றால் எரிபொருள் எரிந்தாக வேண்டும், எஞ்சின் எந்த அளவாக இருந்தால் என்ன? அங்கே பெரும்பாலான டிரக்குகள் பெரும்பாலான நாட்கள் காலியாகத்தான் ஓடுகின்றன. படப்பை சாலையில் காலியாக ஓடும் பிக்கப்புக்கு அன்றைய வாடகை கிடையாது.

யார் பார்ப்பது?

கடந்த முறை வீடு மாறியபோது சாமான் ஏற்றிய அண்ணனிடம் வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். தோஸ்து வைத்திருந்தார். இழுவை பத்தி ஒரு குறையும் சொல்லவில்லை. "இழுக்கிறதெல்லாம் பிரமாதமா இழுக்கும் தம்பி. லைட்டு எரிஞ்சாத்தான் பயம்" என்றார். டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் எஞ்சின் விளக்கைச் சொல்கிறார். அது எரிந்தால் வண்டி சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். காரணம் ஒரு உணரியாக இருக்கலாம், ஒரு ரப்பர் குழாயில் விரிசலாக இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ளக் கணினி வேண்டும். அன்றைக்கு லோடு போச்சு. இஎம்ஐ போகாது.

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 407இன் எஞ்சினில் சக்தி எங்கே குறைகிறது என்பதை மெக்கானிக் காதால் கேட்டார், புகையின் நிறத்தில் பார்த்தார். 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 4இலிருந்து பிஎஸ் 5ஐத் தாண்டி நேரே பிஎஸ் 6க்குப் போனோம். காற்றுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. குன்றத்தூரில் மூச்சு விடுகிறவன் என்ற முறையில் எனக்கும் நல்லது. ஆனால் புகைக்குழாயில் வினையூக்கிகளும் உணரிகளும் ஏறிவிட்டன. எஞ்சினைப் பற்றிய அறிவு சாலையோரப் பட்டறையிலிருந்து நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு இடம் மாறியது. என் தொழிலில் இது பழகிய கதைதான். மூல நிரல் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பழுது பார்க்கப் போக வேண்டும்.

டர்போவுக்கென்று சில ஒழுக்கங்கள் உண்டு. நீண்ட ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஓட்டம் நின்று, சூடான அச்சில் ஆயில் கருகிப் படியும். சொன்ன தரத்து ஆயிலையே, சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். சொந்த வண்டியை ஓட்டுபவர் இதைச் செய்வார். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு, அடுத்த லோடுக்கு அவசரப்படுத்தும் முதலாளியை வைத்துக்கொண்டு, இதைச் செய்ய நேரம் இருக்குமா?

பாரத்தையும் பேச வேண்டும். 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்கிறது. ஆனால் வாடகையைத் தீர்மானிக்கும் சந்தை வேறு மொழி பேசுகிறது. பேட்டைக்காரர் இரண்டு நடைக்குக் காசு தர மாட்டார், ஒரே நடையில் கொண்டு வா என்பார். காகிதத்தில் 1.25 டன் என்று வடிவமைத்த எஞ்சினுக்கு நிஜத்தில் 2 டன் கிடைக்கிறது. எஞ்சின் இழுக்கிறது. நல்ல டர்போ எஞ்சின் சத்தம் போடாமல், புகை கக்காமல் இழுப்பதால், வரம்பு மீறுகிறோம் என்ற எச்சரிக்கைகூட வருவதில்லை. குட்டி யானை முனகியே சொல்லிவிடும். பிரேக்கும் டயரும் ஸ்பிரிங்கும் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. இழுக்குமா என்று ஆயிரம் பேர் கேட்கிறார்கள், நிற்குமா என்று கேட்பவர் குறைவு.

2022இல் வந்த ஏஸ் மின்வண்டி கதையை வேறு பக்கம் திருப்புகிறது. 36 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர், அதுவும் நின்ற நிலையிலிருந்தே. காற்றாடி சுற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் குட்டி யானையின் 38 நியூட்டன் மீட்டரோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பாரம் 600 கிலோ, பழைய டீசல் ஏஸைவிடக் குறைவு. மறுபடியும் இழுவை பிரச்சினை இல்லை. பேட்டரியின் எடை, அது எத்தனை வருடம் வரும், கெட்டால் யார் பார்ப்பார்கள் என்பவைதான் பிரச்சினை.

அறுபது வருடத்துக்கு முன் அட்லஸ் வேனை வாங்கியவர், எஞ்சின் போதவில்லை என்று நிறுவனத்தைத் திட்டினார். நிறுவனம் பெரிய எஞ்சினை வைத்தது. இன்று எஞ்சின் போதும். திருமுடிவாக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு உதிரி ஏற்றிப் போகிறவருக்கு 1.5 லிட்டர் தாராளம். அவருக்குப் போதாமல் இருப்பவை வேறு: ஒரு நடைக்கான நியாயமான வாடகை, பக்கத்திலேயே பழுது பார்க்கத் தெரிந்த ஒரு கை, ஈசியுவைத் திறந்து காட்டும் ஒரு கருவி, அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம். இவற்றை டர்போவால் தர முடியாது.